முதுகைக் காட்டி நின்ற கோளம்

ஐரோப்பா போகும் குழுக்களுக்கு டூர் மேனேஜராக ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் பேசக் கூடாது என்பதால் அதன் ஓவியப் படங்கள் போட்ட பலகைகளை அருங்காட்சியகத்தின் பீன்யா என்ற திறந்த முற்றத்திலேயே வைத்திருப்பார்கள், கைடுகள் எல்லாவற்றையும் அங்கேயே விளக்கிவிட்டுத்தான் உள்ளே கூட்டிப்போவார்கள். காதில் ஹெட்செட் மாட்டிய நாற்பது பேரும் பலகையையே பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தின் நடுவில் நிற்கும் நான்கு மீட்டர் விட்டமுள்ள வெண்கலக் கோளத்துக்கு எங்கள் முதுகுதான் தெரியும்.

'கோளத்துக்குள் கோளம்', இத்தாலியச் சிற்பி அர்னால்டோ பொமோதோரோ 1990இல் செய்தது. பொன் மாதிரி மின்னும் உருண்டை கிழிந்து, உள்ளே பல் பல்லாக ஏதோ இயந்திரம் போல இருக்கும், அதற்கும் உள்ளே இன்னொரு உருண்டை. யாராவது கேட்டால் "வெளியே இருப்பது கிறிஸ்தவம், உள்ளே இருப்பது பூமி" என்பேன். யாரோ ஒரு கைடு சொல்லிக் காதில் விழுந்தது, சரியா என்று நான் பார்த்ததே இல்லை. தலையாட்டிவிட்டு போட்டோ எடுக்கப் போய்விடுவார்கள்.

ஒரு தடவை உலோகம் வார்க்கும் ஃபவுண்டரியில் முப்பது வருடம் இருந்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். "அது கிடக்கட்டும் தம்பி, இந்தப் பல்லையெல்லாம் எப்படி வார்த்தான்?" என்றார். முழித்தேன்.

அன்று ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து தேடினேன். பொமோதோரோ தொடக்கத்தில் இத்தாலியின் பெசாரோ நகரில், போரில் இடிந்த பொதுக் கட்டடங்களைச் சீரமைக்கும் அரசு அலுவலகத்தில் இருந்தவர். அப்புறம் நகை வேலை. கணவாய் மீனின் ஓட்டில் குழி செதுக்கி அதில் உலோகத்தை ஊற்றுவார். பெரிய வேலைகளிலும் அதே புத்திதான், களிமண்ணில் எதிர்வடிவமாகச் செதுக்கி, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, பிறகு மெழுகு வைத்து வெண்கல வார்ப்பு. இதே வரிசைக் கோளம் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் நியூயார்க் ஐ.நா. வளாகத்திலும் இருக்கிறது என்று படித்தபோதுதான் எனக்கு வெட்கமாகப் போனது. அங்கேயெல்லாம் வெளியே இருப்பது எந்த மதமாம்?

காலையில் பஸ்ஸில் பெரியவரிடம் சொன்னேன். "அப்போ மேடு வேணும்னா பள்ளம் தோண்டணும். சரியா வந்துச்சான்னு அச்சு எடுத்தாத்தான் தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் கோளத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே ஆன்மிகத்துக்குப் பக்கத்தில் வந்த பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு குழுவை முதலில் கோளத்திடம்தான் கூட்டிப்போனேன், பலகை அப்புறம். ஒரு நாள் அதன் பளபளப்பில் ஒரு அம்மா முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். காவலர் லேசாகத் தள்ளிவிட, கோளம் மெல்லத் திரும்பியது. அந்த அம்மாவின் முகம் நழுவிப் போய் விரிசலுக்குள் காணாமல் போய்விட்டது. குனிந்து எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னப்பா இருக்கு?"

"இன்னொரு உருண்டைம்மா. அதுவும் உடைஞ்சதுதான்."