எட்டா ஜேம்ஸின் 'டெல் மாமா'

அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸ் என்றாலே எல்லோரும் 'அட் லாஸ்ட்' பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். கல்யாண வீட்டு வீடியோக்களில் அது தேய்ந்தே போய்விட்டது. என்னைக் கேட்டால் 1968-இல் வந்த 'டெல் மாமா' ஆல்பத்தைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். விமர்சகர்கள் இன்றுவரை அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது சும்மா இல்லை.

சிகாகோவின் செஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி அவரை அலபாமாவில், மஸல் ஷோல்ஸ் என்ற சின்ன ஊரிலிருந்த ஃபேம் ஸ்டுடியோவுக்கு அனுப்பியது. தயாரிப்பாளர் ரிக் ஹால். டிரம்ஸில் ரோஜர் ஹாக்கின்ஸ். எட்டா அப்போது கர்ப்பிணி வேறு. வயலின் கூட்டமெல்லாம் இல்லை. டிரம்ஸ், ஆர்கன், பிராஸ் ஊதுகருவிகள், நடுவே அந்தத் தொண்டை.

இதில் வரும் 'ஐட் ராதர் கோ பிளைண்ட்' பாட்டில் ஏறக்குறைய இரண்டே கார்டுகள்தான் (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்). மூன்று நிமிடம்கூட ஓடாது. காதலன் வேறொருத்தியோடு பேசுவதைப் பார்த்தவள், உதட்டருகே வைத்திருக்கும் கண்ணாடிக் கோப்பையில் தன் கண்ணீரையே பார்க்கிறாள். இன்னொருத்தராக இருந்தால் அந்த இடத்தில் கதறித் தீர்த்திருப்பார். எட்டா அடக்கித்தான் வாசிக்கிறார். அந்த அடக்கம்தான் நம்மைப் போட்டுத் தாக்குகிறது. செஸ் கம்பெனி முதலாளி லெனார்ட் செஸ் இதை முதன்முதலாகக் கேட்டதும் கண்கலங்கி அறையைவிட்டு வெளியே போய்விட்டார் என்று எட்டாவே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் அப்போது இது பக்கத்துக்கு ஒரு பாட்டு என்று வரும் 'சிங்கிள்' இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டு!

எல்லாப் பாட்டும் இதே உயரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று சுமார்தான். அப்புறம் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'செக்யூரிட்டி'யையும் இதில் பாடியிருக்கிறார். அசலைவிட எனக்கு இதுதான் ஒரு படி மேல். சண்டைக்கு வருபவர்கள் கமெண்டுக்கு வரலாம்.