மிச்ச நேரமே முடிவைச் சொல்லிவிடும்

ரெக்கார்ட் செய்த மேட்சை முடிவு தெரியாமல் பார்க்க, எல்லோரும் முதலில் போனைத்தான் அணைத்து வைக்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் போனைத் தொடாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் பாதி ஆட்டத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. காட்டிக்கொடுப்பது திரையின் அடியில் வரும் நேரப் பட்டை.

டி20 ஆட்டம் ஒன்று. 12 பந்தில் 25 ரன் வேண்டும், கையில் 2 விக்கெட். தண்ணீர் குடிக்க பாஸ் பட்டனை அழுத்தி நிறுத்துகிறீர்கள், மிச்சம் 3 நிமிடம் என்று பட்டை காட்டுகிறது. 20 ஓவரை 85 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது ஐசிசி விதி. ஓவருக்கு 4 நிமிடத்துக்கு மேல் ஆகும். 2 ஓவர் அந்த 3 நிமிடத்தில் அடங்காது. அனேகமாக ஆல் அவுட் என்று அடுத்த பந்து விழும் முன்பே தெரிந்துபோகும். கால்பந்து நாக்-அவுட்டில் 80வது நிமிடத்தில் 1-0, பட்டையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் சமன் கோல் வந்து ஆட்டம் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போகப்போகிறது. மூன்று செட் எடுத்தவர் ஜெயிக்கும் ஐந்து செட் டென்னிஸில் ஒருவர் 2-0 முன்னிலை, மிச்சம் 25 நிமிடம் என்றால் நாலாவது செட் கிடையாது.

செட்-டாப் பாக்ஸில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: ரெக்கார்டிங்கைத் தாராளமாக நீட்டுங்கள். கால்பந்துக்கு இரண்டு 45 நிமிடம், 15 நிமிட இடைவேளை, காயத்துக்கான கூடுதல் நிமிடங்கள். நாக்-அவுட் என்றால் அதன் மேல் 30 நிமிட எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி. ஆட்டம் தொடங்குவதிலிருந்து மூன்றரை மணி நேரம் வைத்தால் கடைசிக் கட்டம் வெட்டுப்படாது. பட்டையில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதை வைத்து எதையும் ஊகிக்கவும் முடியாது. நீட்டுவதற்காக அடுத்த நிகழ்ச்சியைத் தனியாக ரெக்கார்ட் போட்டால் அது வேறு ஃபைலாகிவிடும், பட்டை பழையபடி உண்மையைச் சொல்லும். அதனால் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் கையால் கொடுத்து ஒரே ரெக்கார்டிங்காக வையுங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் நீளத்தை மாற்ற முடியாது, மறைக்கத்தான் வேண்டும். திரையின் அகலத்துக்கு 4 செ.மீ. உயர அட்டை ஒன்றை வெட்டி, கீழ்ச் சட்டத்தில் டேப்பால் ஒட்டினால் போதும். பேனலில் ஒட்டாதீர்கள், பசைக்கறை படியும். கிரிக்கெட்டில் ஸ்கோரும் அடியில்தான் வருகிறது; அதற்கு அட்டையை ஒட்டாமல், ரிமோட்டைத் தொடும்போது மட்டும் கையால் பிடிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் யூடியூப் பார்ப்பவர்கள் மவுஸைத் தொடாமல் ஜே, எல் எழுத்துகளால் 10 விநாடி பின்னாலும் முன்னாலும் போகலாம். எண் விசைகள் பக்கம் விரல் போகக்கூடாது: 9 பட்டால் வீடியோ 90 சதவீதத்துக்குத் தாவிவிடும். அடுத்த வீடியோவைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள்.

ரெக்கார்டிங் பட்டியலும் பேசும். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பிளேஆஃபில் நான்கு வெற்றி பெறும் அணிக்கே தொடர். 3-1 என்ற நிலையில் ஐந்தாவது ஆட்டத்தைப் பார்க்க உட்காரும்போது, பட்டியலில் ஆறாவது ஆட்டம் கண்ணில் பட்டால், ஐந்தாவதில் முன்னிலை அணி தோற்றது தெரிந்துபோகும். டெஸ்ட் மேட்சில் ஐந்தாம் நாள் ஃபைல் இல்லாததும் அப்படித்தான். பட்டியலைத் திறந்து எடுத்துத் தரும் வேலையை, முடிவைப் பற்றி வாய் திறக்காத வேறொருவரிடம் விடுங்கள். என்பிஏ, பேஸ்பால் லீகான எம்எல்பி ஆகியவற்றின் செயலிகளில் ஸ்கோரை மறைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஆட்டத்துக்கு முந்தைய நாளே போட்டு வையுங்கள்.

டிவியை ஆன் செய்யும் அந்த நொடியும் ஆபத்து. பல பாக்ஸ்கள் கடைசியாகப் பார்த்த சேனலில்தான் திறக்கும், அது விளையாட்டு சேனலாக இருந்தால் கோப்பையோடு கேப்டன் நிற்பார். ரெக்கார்டிங் போட்டதும், அணைக்கும் முன் சமையல் சேனலோ கார்ட்டூன் சேனலோ வைத்துவிட்டு அணையுங்கள். செய்தி சேனல் வேண்டாம், அடியில் ஓடும் வரியில் எல்லாம் வந்துவிடும்.

போனைத் தவிர்க்கவே முடியாதவர்களுக்கு: டூ நாட் டிஸ்டர்ப் மட்டும் போதாது. சத்தம் நிற்கும், செய்தி திரையில் வந்து உட்கார்ந்திருக்கும். ஸ்கோர், செய்தி செயலிகளின் நோட்டிஃபிகேஷனையே நிறுத்துங்கள், கைக்கடிகாரத்திலும். வாட்ஸ்அப் குழுவை மியூட் செய்தாலும் கடைசி மெசேஜ் பட்டியலில் தெரியும். ஆர்க்கைவ் செய்தால்தான் கண்ணில் படாது. ஸ்டேட்டஸ் பக்கம் போகவே வேண்டாம். எக்ஸ் தளத்தில் சொற்களை 24 மணி நேரத்துக்கு மியூட் செய்யலாம், ஆனால் தேடலில் அவை வரும், படத்துக்குள் இருக்கும் எழுத்தும் தப்பிவிடும். தமிழில் பெயரோடு உருபு ஒட்டிக்கொள்வதால் மெஸ்ஸி, மெஸ்ஸியின், மெஸ்ஸிக்கு என்று தனித்தனியாகப் போடுவது நல்லது. ஆங்கில எழுத்து வடிவத்தையும் சேருங்கள்.

கடைசியாக மனிதர்கள். முடிவைச் சொல்பவரைவிட, “நான் எதுவும் சொல்லமாட்டேன், கடைசி ஓவரை மட்டும் விட்டுடாதே” என்று பாசமாகச் சொல்பவர்தான் அதிகம் கெடுக்கிறார். “மேட்ச் பார்க்கல. நல்லா இருந்துச்சா, இல்லையான்னுகூட சொல்லாதே. பார்த்துட்டு நானே கூப்பிடுறேன்” என்று ஆட்டம் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.