இரண்டாவது டிகிரி: சேர்வதற்கு முன் ஆபீஸ், ஆதார், தேர்வு அட்டவணை

ரெகுலரில் பி.காம். படித்துக்கொண்டே இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ. பொருளாதாரமும் சேரலாமா என்ற கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது. பாடம் பிடிக்குமா, நேரம் கிடைக்குமா என்பதையெல்லாம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தால் முடிவு செய்துவிடலாம். இழுத்தடித்தவை வேறு: கல்லூரி ஆபீஸ், ஆதாரில் இருந்த இனிஷியல், டிசம்பர் மாதத் தேர்வுகள்.

ஒரே டிகிரிக்குள் இரண்டு மேஜர் (முதன்மைப் பாடம்) என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பில் இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டில் குறைந்தது 48 இரண்டாவது பாடத்திலிருந்து வர வேண்டும். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகளில் பார்ட் ஒன்று முதல் ஐந்து வரையிலான பழைய அமைப்புதான், அதில் இதற்கு இடமில்லை. ஆகவே இங்கே நடைமுறையில் இருக்கும் வழி, தனித்தனியாக இரண்டு டிகிரி. அதற்கு 2022 ஏப்ரல் 13 தேதியிட்ட யு.ஜி.சி. வழிகாட்டுதல் உண்டு. வகுப்பு நேரம் மோதாமல் இரண்டும் ரெகுலராக இருக்கலாம். ஒன்று ரெகுலர், மற்றொன்று தொலைநிலை அல்லது ஆன்லைனாக இருக்கலாம். இரண்டுமே தொலைநிலை, ஆன்லைனாகவும் இருக்கலாம். பிஎச்.டி.க்கு இது பொருந்தாது. (அதற்கு முன்பே இரண்டு சேர்த்துப் படித்து மாட்டிக்கொண்ட சீனியர்களுக்காக 2025 ஜூனில் யு.ஜி.சி. திருத்தமும் வெளியிட்டிருக்கிறது.)

அந்த 2022 ஏப்ரல் வழிகாட்டுதல் கடிதத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். "தம்பி, இது டெல்லி லெட்டர். நம்ம யூனிவர்சிட்டி ஆர்டர் இருந்தா எடுத்துட்டு வா" என்று தலையை நிமிர்த்தாமலே திருப்பித் தந்துவிட்டார் கிளார்க். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது முழுத் தவறும் இல்லை. நடைமுறையை அந்தந்தப் பல்கலைக்கழகமே தன் குழுக்கள் மூலம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கடிதத்திலும் இருக்கிறது.

ரெகுலர் இரண்டு சேரலாம் என்று கணக்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. காலை ஷிப்டில் ஒரு கல்லூரி, மதியம் செல்ஃப் ஃபைனான்ஸ் ஷிப்டில் இன்னொன்று என்றால் காகிதத்தில் நேரம் மோதாது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரிஜினல் டி.சி. கேட்பார்கள், உங்களிடம் இருப்பதோ ஒன்று. 75 சதவீத வருகையும் இரண்டிலும் காட்ட வேண்டும். இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தால் தமிழ், ஆங்கிலத் தாள்கள் ஒரே நாள் ஒரே வேளையில் வந்து விழும். தொலைநிலை என்றால் இந்தத் தலைவலி பாதிக்கு மேல் குறையும். இக்னோவில் மதிப்பெண் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். ஒரிஜினல் டி.சி. கல்லூரியிலேயே இருக்கட்டும், தடையில்லாச் சான்றும் யாரும் கேட்கவில்லை. ஆபீசில் அனுமதி கேட்டு நின்ற நேரம் வீண்.

அதற்கும் முன்னால், இரண்டாவது டிகிரி எதற்கு என்று பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கி அதிகாரி தேர்வு, யு.பி.எஸ்.சி. என்று பெரும்பாலானவற்றுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். இன்னொன்றால் ஒரு மார்க்கும் கூடுதலாகக் கிடைக்காது. உண்மையாகவே பயன்படும் இடம் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுகலை ஆசிரியர் பணித் தேர்வு. அங்கே இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா என்று பார்ப்பார்கள். பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. பொருளாதாரம் படித்தால் கிராஸ் மேஜர் என்று ஒதுக்கப்படலாம். என் முடிவை நகர்த்தியது இந்த ஒரு விஷயம்தான்.

இனி ஆதார். தொலைநிலை, ஆன்லைன் படிப்புக்கு இப்போது டெப் ஐடி (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிந்து வாங்கும் மாணவர் எண்) கட்டாயம். அதற்கு ஏ.பி.சி. ஐடி (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கணக்கு எண்) வேண்டும், அதற்கு டிஜிலாக்கர், அதற்கு ஆதாரோடு இணைந்த மொபைல் எண். முக்கால்வாசிப் பேருக்கு அந்த எண் அப்பாவின் பழைய சிம், ஓ.டி.பி. எங்கோ போய்க்கொண்டிருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். அடுத்த வம்பு பெயர். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், அல்லது அப்பா பெயர் முழுசாக. பெயர் பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இரண்டு தடவைதான், ஆகவே மார்க்‌ஷீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, புள்ளியும் இடைவெளியும் உட்பட எழுதிக் கொடுங்கள். திரையில் ஆபரேட்டர் அடித்ததைப் படித்துப் பார்த்துவிட்டே சரி சொல்லுங்கள். கல்லூரியில் ஏற்கெனவே ஏ.பி.சி. ஐடி எடுத்திருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும், புதிய டிஜிலாக்கர் கணக்கு தொடங்கக் கூடாது.

விண்ணப்பம், கட்டணம் எல்லாம் அரை நாள் வேலை.

உண்மையான மோதல் தேர்வில். இக்னோ பருவத் தேர்வுகள் ஜூன், டிசம்பரில். நம் செமஸ்டர் நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மே மாதங்களிலும். இக்னோ தேர்வுப் படிவத்தை நிரப்பிப் பணம் கட்டும்போது நம் பல்கலைக்கழக அட்டவணை வந்திருக்காது. அது வந்த பிறகு இரண்டு தாள் ஒரே நாள் என்று தெரிந்தால், கட்டிய பணம் போனதுதான். அதனால் டிசம்பருக்கு ஒன்றிரண்டு தாளோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை ஜூனுக்குத் தள்ளுவது நல்லது. மூன்றாண்டுப் படிப்பை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகப் பாஸாக வேண்டும். அசைன்மென்டைக் கையால் எழுதித் தந்துவிட்டு ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். மார்க் ஏறவில்லை என்று போய் நின்றால் அவர்கள் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் தனியாக விசாரிக்க வேண்டும். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் இன்னொரு ரெகுலர் படிப்புக்குத் தடை இருக்கிறது, தொலைநிலைக்கு விலக்கு உண்டு. எந்தப் பல்கலைக்கழகமானாலும் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகப் பெயர் இருந்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். "ஒரே வருஷத்தில் டிகிரி" என்று டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஏஜென்டுகளிடம் போகவே போகாதீர்கள்.

சேர்ந்த பிறகு ஒரு தேதியை மட்டும் போனில் அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த ஆண்டுக்கான மறுபதிவின் கடைசி நாள். தேர்வே எழுதாவிட்டாலும் மறுபதிவு செய்யலாம், ஆனால் அது தவறினால் ஒரு பருவம் போய்விடும்.