சாமி அலமாரிக் கண்ணாடி

மே 18, 2025, ஞாயிறு. ரங்கூன்

சாமி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா கூப்பிட்டாள். "கண்ணாடியில முடி ஒட்டியிருக்குடா, துணிக்கு வரமாட்டேங்குது." போய்ப் பார்த்தேன். முடி இல்லை, விரிசல். கீழ்க் கீல் இருக்கும் மூலையில் கிளம்பி ஒரு விரல் நீளம் மேலே ஏறியிருக்கிறது.

மார்ச் 28 பகல் 12.50-க்கு நிலநடுக்கத்தில் எங்கள் மூன்றாவது மாடி ஊஞ்சலாக ஆடியதே, அன்றைக்கு வந்ததாக இருக்கலாம். மாண்டலேயிலும் சகாயிங்கிலும் கட்டடங்கள் சரிந்த நாளில் எங்கள் வீட்டில் விழுந்தது காலண்டர் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

அலமாரி தாத்தா செய்யச் சொன்னது. தேக்கு. கண்ணாடியில் திராட்சைக் கொடி, பனி படிந்தாற்போல வெள்ளையாகத் தேய்த்து எடுத்த வேலை. இந்த மாதிரி இப்போது எங்கே கிடைக்கும்? விரிசல் முடியும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவைத்தேன்.

அத்தை போனில் கேட்டுவிட்டு, "உடைஞ்ச கண்ணாடி வீட்டுக்கு ஆகாது, தூக்கிப் போடுங்க" என்றாள். அம்மாவும் விடவில்லை. "விரிசல்தானே அண்ணி, உடையலையே."

மே 24, சனி

மழை பிடித்துக்கொண்டது. கோட்டைத் தாண்டி 7 மில்லிமீட்டர் போயிருக்கிறது. யாரும் கை வைக்கவில்லை, கதவைக்கூடத் திறக்கவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குள்ளே சிலிக்கானும் ஆக்ஸிஜனும் கைகோத்து நிற்கின்றன. விரிசலின் நுனியில் அந்தக் கைகள் ஏற்கெனவே இழுபட்டுக்கொண்டிருக்கும். காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே போய் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும். அதனால்தான் வெயில் காலத்தில் சும்மா கிடந்த விரிசல் மழைக்காலத்தில் நடக்கிறது. ரங்கூன் மழை அக்டோபர் வரை ஓயாது. அதுவரை விட்டால் கொடி இரண்டு துண்டாகிவிடும்.

மே 25, ஞாயிறு

கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்கார ஊலே (பர்மிய மொழியில் மாமா) போட்டோவைப் பார்த்துவிட்டு, வெறும் கண்ணாடி அரை மணியில் வெட்டித் தருகிறேன், பூ போட்டது இல்லை என்றார். எனக்கு முன்னால் வந்தவருக்கு ஒரு தகடு அறுத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயில் தோய்த்த சின்னச் சக்கரத்தை ஒரே இழுப்பாக இழுத்து, அடியில் தட்டினார். டக். கோடு போட்ட வழியிலேயே பிளந்தது. அவர் பண்ணுவதும் விரிசல்தான், சொன்ன இடத்தில் சொன்னபடி போகிற விரிசல்.

பழைய சாமான் பற்றிப் பேச்சு வந்ததும் ரங்கூனில் இருந்த நாகார் கண்ணாடிப் பட்டறையை நினைத்துப் பெருமூச்சு விட்டார். அங்கே ஊதிச் செய்த கிண்ணம் ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கிறது. 2008 நர்கிஸ் புயலோடு அந்தப் பட்டறை போயிற்று.

மே 31, சனி

இன்று ஒரு மடத்தனம். சூப்பர் க்ளூ வாங்கிவந்து விரிசல் மேல் விட்டேன். தண்ணீர் மாதிரி இருப்பதால் தானாக உள்ளே இறங்கிவிடும் என்று கணக்கு. இறங்கவும் செய்தது. ஆனால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதைவிட மோசம், ஒரு சொட்டு வழிந்து திராட்சை இலை மேல் விழுந்தது. பனிக் கண்ணாடியின் சொரசொரப்பில்தான் அந்த வெள்ளை இருக்கிறது. பசை போய்க் குழிகளை நிரப்பியதும் இலை நடுவே பளிச்சென்று ஒரு ஓட்டை போலத் தெரிகிறது.

எப்படியும் இந்தப் பசை கண்ணாடிக்குச் சரிப்படாது. ஈரத்தில் சில மாதத்திலேயே விட்டுவிடும். அவசரக்காரனுக்கு அவசரப் பசை.

ஜூன் 1, ஞாயிறு

தங்கச்சியின் நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு புட்டி முழுக்கத் தீர்ந்தது. அதில் இருக்கும் அசிட்டோன் இந்தப் பசையைக் கரைக்கும், ஆனால் மெல்லத்தான். பஞ்சை நனைத்து வைத்து, காத்திருந்து, துடைத்து, மறுபடி. ஜன்னலைத் திறந்துவைத்தும் தலைவலி. விரிசல் சுத்தமாகிவிட்டது. இலையில் மிளகளவு பளபளப்பு மட்டும் போகவே இல்லை.

ஜூன் 7, சனி

கதவைக் கழற்றியபோதுதான் குற்றவாளி அகப்பட்டான். கீலின் திருகாணி ஒன்று சட்டத்தைத் துளைத்துக்கொண்டு வந்து கண்ணாடி விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு பொக்கை. போதாததற்கு உள்ளே விளக்கு. கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரியப் பார்க்கும், சட்டத்துக்குள் இருக்கும் விளிம்பு குளிர்ந்தே கிடந்து இழுபடும். பொக்கை விழுந்த விளிம்பு எத்தனை நாள் தாங்கும்? நிலநடுக்கத்தின் மேல் முழுப் பழியையும் போட்டிருந்தேன்.

இந்த முறை எப்பாக்ஸி, இரண்டு டியூபில் வருவதைக் கலந்தால் இறுகும் பசை, அதிலும் மெதுவாக இறுகும் ரகம். ஐந்து நிமிட ரகம் உள்ளே இறங்குவதற்குள் கெட்டியாகிவிடும். பனிப் பக்கத்தில் விரிசல் நெடுக செல்லோடேப் ஒட்டி மூடினேன், இந்த முறை இலைக்கு ஆபத்து இல்லை. வழவழப்பான பக்கம் மேலே வரும்படி துண்டின்மேல் படுக்கவைத்தேன். பழைய டைல் ஓட்டில் சரிபாதி கலந்து, குமிழி அடங்கவிட்டு, தீக்குச்சியால் விரிசல் மேல் தடவினேன். கரண்ட் இருந்ததால் தலைமுடி உலர்த்தும் மெஷினால் இலேசாகச் சூடு காட்டினேன்.

விரிசல் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னுவது உள்ளே காற்று இருப்பதால். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்குச் சுமார் 1.52, காற்றுக்கு 1. எப்பாக்ஸி கண்ணாடிக்குப் பக்கத்தில் வரும். அதனால் பசை போகப் போக மின்னல் அணைகிறது. அடியில் விரல் நுனியால் ஒரு பொட்டு அழுத்தினேன். வெள்ளிக்கோடு விளிம்பிலிருந்து அரிசி அரிசியாகக் கறுத்துக்கொண்டே போயிற்று. பாதியில் கரண்ட் போய்விட்டது. தங்கச்சி டார்ச் பிடித்தாள். கடைசி அரிசியும் அணையும்வரை மூன்று பேரும் பேசவில்லை.

ஜூன் 9, திங்கள்

மேலே வழிந்து இறுகியதைப் பிளேடைப் படுக்கவைத்துச் சீவினேன். திருகாணியை மாற்றி, சட்டத்துக்குள் சைக்கிள் டியூப் பட்டை வைத்துக் கண்ணாடியைப் பொருத்தியாயிற்று. சாய்த்துப் பார்த்தால்தான் கோடு தெரிகிறது.

விளக்கை வெளியே வைக்கவேண்டும் என்றதற்கு அம்மா ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு அவளாகவே அலமாரிக்கு முன்னால் முக்காலி போட்டு, பித்தளைத் தட்டில் விளக்கை வைத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

செய்தி பரவிவிட்டது. கீழ்வீட்டு அக்கா டீ கிளாஸ் ஒன்றும் குக்கர் கண்ணாடி மூடி ஒன்றும் கொண்டுவந்தார். இரண்டுமே மாட்டேன் என்றேன். சூட்டில் பசை இளகும், வாயில் படும் சாமானில் அது வேண்டவே வேண்டாம். மூடி பதப்படுத்திய கண்ணாடி. விளிம்பில் பொக்கை விழுந்ததை வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் மொத்தமாக மணிமணியாகச் சிதறும். "சாமிக்கு மட்டும்தான் செய்வியாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. ஒட்டி ஐந்து வாரம் தாண்டிவிட்டது, கொட்டும் மழை. மே 24-இல் போட்ட இரண்டாவது கோட்டுக்கும் நான் ஒட்டிய நாளுக்கும் இடையில் போனது போனதுதான், அதற்கப்புறம் நகரவில்லை. எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளாகும் என்பார்கள். அந்த மூலையில் வெயில் படாது.

காலையில் அம்மா அலமாரியைத் துடைத்து, சட்டத்தின் நாலு மூலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஐந்தாவதாக ஒரு பொட்டு, திராட்சை இலை மேல், சூப்பர் க்ளூ விழுந்த அதே இடத்தில். நான் பார்த்ததைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கற்பூரத்தை ஏற்றினாள்.