வாசலிலேயே நிறுத்திய நோயாளி

ஜூன் 3, செவ்வாய்

இன்று மருத்துவமனையில், விஷம் பட்டு வருபவர்களைக் கழுவும்போது போடும் பாதுகாப்பு உடைக்கான பயிற்சி. போடுவதில் சிரமமில்லை, கழற்றுவதில்தான் கோட்டைவிட்டோம். விஷத்துக்குப் பதிலாக உடைமேல் மஞ்சள் பொடி தூவியிருந்தார்கள். நிதானமாகக் கழற்றியதாகத்தான் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் காதுக்குப் பின்னால் மஞ்சள்! வெளிக் கையுறையோடு முகமூடிப் பட்டையைத் தொட்டிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

"நோயாளியை முதலில் உள்ளே கொண்டுவருவோம், அப்புறம் கழுவலாமே" என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். டோக்கியோ கதையைச் சொன்னேன். 1995 மார்ச் 20, சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு விஷத் தாக்குதல். செயின்ட் லூக்ஸ் மருத்துவமனைக்கு அன்று ஒரே நாளில் 640 பேர். யாரையும் கழுவாமலேதான் உள்ளே சேர்த்தார்கள். உடைகளிலிருந்து கிளம்பிய ஆவியில், ஏறக்குறைய நாலில் ஒரு ஊழியருக்குக் கண் மங்கல், தலைவலி என ஏதோ ஒன்று. காற்றோட்டமில்லாத சிற்றாலயத்தையும் வார்டாக்கியிருந்தார்கள். அங்கே நின்றவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பூச்சிமருந்து மேலெல்லாம் கொட்டிய ஒருவரை அவர் தம்பி தூக்கிக்கொண்டு வந்தார். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை அளவு. கால் தானாக அவரிடம் ஓடப்பார்த்தது. கையிலோ வெறும் லேடெக்ஸ் கையுறை, முகத்தில் சாதாரண மாஸ்க். அது ஆவியைத் தடுக்காது. "உள்ள கூட்டிட்டுப் போங்க சிஸ்டர்!" என்று தம்பி கத்த, நான் உடை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நிமிடம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

சட்டையைத் தலைவழியாக உருவாமல் முன்பக்கம் வெட்டித் திறந்தோம். ஒட்டியிருந்ததில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். பிறகு சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர்; தலைமுடி, காது மடிப்பு, நகக்கண், அக்குள். அழுத்தித் தேய்க்கக் கூடாது, தோல் உரிந்தால் விஷம் இன்னும் இறங்கும். டாக்டர் கழுவி முடியக் காத்திருக்கவில்லை. அவரும் உடை அணிந்து, அங்கேயே மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, விஷமுறிவு மருந்தான அட்ரோபின் போட்டார்.

தம்பியை எல்லோரும் மறந்துவிட்டோம். அண்ணனைச் சுமந்த தோள் நனைந்திருந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அவரையும் கழுவினோம்.

ஜூன் 18, புதன்

அண்ணனுக்கு இன்னும் அட்ரோபின் ஓடுகிறது. மூச்சு பரவாயில்லை. தம்பி பெல்ட்டையும் பர்ஸையும் கேட்டு வந்தார். இரண்டும் தோல், ஊறிய விஷம் சோப்புக்குப் போகாது. இரட்டைப் பையில் கட்டி வெளியே வைத்திருக்கிறோம். கழுவித் துடைத்த பிளாஸ்டிக் அடையாள அட்டையை மட்டும் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.