மணலில்லாத கரையில் ஒரு ஃபிரிஸ்பீ குழு

மலேசியாவின் கிள்ளானிலிருந்து திருமணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்த எனக்கு, பேசும் மொழி ஒன்றுதான் என்பதால் ஊர் விரைவில் பழகிவிடும் என்று இரு வீட்டாரும் நம்பினார்கள். வெளிநாட்டவர் பதிவை இணையவழியே முடித்துக்கொண்டேன். ஆனால், 'இன்னார் வீட்டு மருமகள்' என்றல்லாமல் என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்கள் கிடைத்தது, நாத்தனார் விளையாடிக்கொண்டிருந்த அல்டிமேட் ஃபிரிஸ்பீ என்னும், தட்டை வீசிப் பிடித்து ஆடும் அணி ஆட்டத்தின் குழுவில் சேர்ந்த பிறகுதான். அந்தக் குழுவின் வரலாற்றை மூத்த ஆட்டக்காரர்கள் சொல்லக் கேட்டும், பிற்பகுதியை நேரில் பார்த்தும் அறிந்திருக்கிறேன்.

1968இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மேபிள்வுட் என்னும் ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ஆட்டம் இது. சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையில் இதற்கு ஆட்டக்காரர்கள் திரண்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் வேலைபார்த்த வடசென்னை இளைஞர்கள் சிலர் அங்கே பழகி, வாரவிடுமுறையிலும் நகரைக் குறுக்கே கடக்கும் அலைச்சல் சலித்துப்போய், 175 கிராம் எடையுள்ள ஒரு தட்டோடு தம் பகுதியிலேயே இடம் தேடத் தொடங்கினார்கள்.

கடலருகே குடியிருந்தும் அவர்களுக்கு மணல் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அவற்றின் தெற்குப் பக்கம் தேங்கி மெரினாவை அகலமாக்க, மணல்வரத்து குறைந்த வடக்குக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே போனது. ராயபுரத்திலிருந்து வடக்கே பல இடங்களில் இன்று நாம் காண்பது அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களைத்தான். அணிக்கு ஐவர் ஆடும் கடற்கரை ஆட்டத்துக்கே 75 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் வேண்டும். தென்சென்னையில் மணல் இலவசமாகத் தரும் ஆடுகளத்தை வடசென்னைக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதை இந்தக் குழுவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு திடலின் ஓரம் கிடைத்தது. கால்பந்தை உயிராக நினைக்கும் பகுதி அது. "தட்டு வுட வந்துட்டாங்கடா" என்று சிரித்த பையன்களில் சிலர் ஆள் குறைந்த ஒரு காலையில் உள்ளே வந்தார்கள். தட்டைப் பிடித்தவர் ஓடக் கூடாது, பத்து எண்ணி முடிப்பதற்குள் வீசிவிட வேண்டும் என்பதால், காலியிடம் பார்த்து ஓடத் தெரிந்தவருக்கே இந்த ஆட்டத்தில் மதிப்பு. அது அவர்களுக்குச் சிறு வயதிலேயே கைவந்திருந்தது. குழு நிலைத்தது அவர்களால்தான் என்பது என் கணிப்பு. தொடங்கியவர்கள் இதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை.

இந்த ஆட்டத்தில் நடுவர் கிடையாது. மோதல் என்று ஒருவர் குரல் கொடுத்தால், எதிராளி ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் பெரும்பாலும் தட்டு வீசியவரிடமே திரும்பும். முதல் மாதங்களில் நான் எதையும் மறுத்ததில்லை. புதிதாக வந்தவள் வாதாடுவது அழகல்ல என்ற எண்ணம் இருந்தது. "அக்கா, உன் மேல தப்பில்லன்னா வாயத் தொறந்து சொல்லு, நீயே உட்டுக்குடுத்தா எப்படி?" என்று எதிரணித் தம்பி ஒருவனே கடிந்துகொண்டான். போட்டி முடிந்ததும் இரு அணிகளும் விதியறிவு, உடல் மோதல், நேர்மை, தன்னடக்கம், பேச்சுமுறை என்ற ஐந்துக்கும் ஒன்றையொன்று மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு வரை, மொத்தம் 20க்கு மதிப்பெண் போடும் வழக்கமும் உண்டு. பத்து வாங்கினாலே இயல்பான நடத்தை என்று பொருள். குடும்பத்துக்குள்ளும் இப்படியொரு தாள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நாத்தனாரிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

இப்போதைய சிக்கல் பணமும் பெண்களும். கலப்பு அணியில் எழுவருக்கு மூன்று பெண்களாவது களத்தில் நிற்க வேண்டும். ஞாயிறு காலைச் சமையலை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வரக்கூடியவர்கள் எங்களில் குறைவு. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் செயற்கைப்புல் திடலுக்கு மாறி, மாலையில் ஆடலாம் என்பது சிலர் யோசனை. வாடகை தர இயலாத பையன்களின் பங்கை வேலையில் இருப்பவர்கள் ஏற்பதா, அல்லது வியாசர்பாடி மண்ணிலேயே தொடர்வதா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. நான் மண்ணின் பக்கம் கைதூக்கியிருக்கிறேன்.