ஷெல் லேப் தேர்வு: வைல் லூப்பில் மார்க் போகும் இடங்கள்

செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஷெல் (நாம் தட்டும் கமாண்டுகளை ஓட்டும் நிரல்) பிராக்டிகலில் மார்க் போவது பெரும்பாலும், ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வைல் (while) லூப்பில்தான். எல்லையிலுள்ள புளியரை தாண்டி, கேரளப் பள்ளியில் லினக்ஸ் பழகி வந்தவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: வைலுக்குப் பக்கத்தில் வருவது ஒரு கமாண்ட். அது முடியும்போது 0 தந்தால் லூப் சுற்றும். வேறு எண் தந்தால் நிற்கும். அன்டில் (until) லூப் இதற்கு நேர் எதிர்.

கண்டிஷனைச் சோதிக்கும் சதுர அடைப்பும் கமாண்ட்தான், அதனால்தான் இடைவெளி கேட்கிறது. திறக்கும் அடைப்பை வேரியபிளோடு ஒட்டினால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’; வைலோடு ஒட்டினால் டூ வரியில் சின்டாக்ஸ் எரர். எண்களை ஒப்பிட -எல்டி (சிறியதா), -ஜிடி (பெரியதா) போடுங்கள். 20-லிருந்து 10 வரை இறங்கும் லூப்பில் -ஜிடி-க்குப் பதில் > போட்டால், ஷெல் அதை அவுட்புட்டை ஃபைலுக்குத் திருப்பும் குறியாக எடுத்துக்கொள்ளும். கண்டிஷன் எப்போதும் 0 தரும், லூப் நிற்கவே நிற்காது. கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திவிட்டு, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டுப் பாருங்கள். ‘10’ என்ற பெயரில் காலி ஃபைல் இருந்தால் தப்பு இதுதான். இல்லையென்றால், எண்ணைக் குறைக்கும் வரி, மீதி வரிகளைத் தாண்டி அடுத்த சுற்றுக்குப் போகும் கன்டினியூவுக்குக் கீழே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியில் சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. அடைப்புக்கு நேர் மாறான விதி இது.

ஃபைலை வரி வரியாகப் படிக்கும் கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று வரிக்கு ஒரு ஊராக எழுதி, புனலூருக்குப் பின் என்டர் தட்டாமல் சேவ் ஆகியிருந்தால், திரையில் மூன்று ஊர்தான் வரும். வரியைப் படிக்கும் ரீட் கமாண்ட் புனலூரை வேரியபிளில் வாங்கிவிட்டது. ஆனால் வரி முடியும் குறி கிடைக்காததால் 0 தரவில்லை. வைல் உள்ளே நுழையாமலே வெளியேறிவிட்டது. ரீட்டுக்குப் பின் || (‘அல்லது’) போட்டு, வேரியபிள் காலியாக இல்லையா என்று பார்க்கும் -என் சோதனையைச் சேர்த்தால் புனலூரும் வரும்.

அதே ஃபைலை, ஃபைலில் உள்ளதைக் காட்டும் கேட் கமாண்ட் வழியாக லூப்புக்குப் பைப் (|) செய்து வரிகளை எண்ணினால், பாஷ் (bash) என்ற ஷெல்லில் லூப்புக்கு வெளியே எண்ணிக்கை 0 என்றே காட்டும். பைப் அந்த லூப்பைத் தனி ஷெல்லில் ஓட்டுகிறது. லூப்பின் கடைசியில் வரும் டன் (done) பக்கத்தில் < போட்டு ஃபைலைக் கொடுங்கள். இஃப்புக்கு ஃபை, கேஸுக்கு எசாக் என்று திருப்பிப் போட்ட கை, டூவுக்கு ஓட் என்று எழுதப் பார்க்கும். ஓட் ஏற்கெனவே வேறொரு கமாண்ட். லூப்பை மூடுவது டன்.

ஓட்டும் முன் பாஷ் -என் போட்டால் சின்டாக்ஸ் தப்பெல்லாம் தெரிந்துவிடும். > தப்பு அதில் சிக்காது. அதற்குப் பாஷ் -எக்ஸ் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கண்டிஷன் என்னவாக மாறுகிறது என்று வரி வரியாகப் பாருங்கள்.